நான் மனுசன்தானுங்க

உக்காருங்கக்கா, தாராளமா உக்காருங்க. அந்தப் பை என்னோடதுதானுங்க, மடியில வெச்சுக்கறேன். சேலை ஈரமா இருக்குதேன்னு பாக்கறீங்களா? மழையெல்லாம் இல்லீங்க. கூடுதுறையில எறங்குனதுல நனைஞ்சு போச்சு. இன்னிக்கு ஆடி அமாவாசைல்ல, பவானியில கால் வெக்க எடமில்லை. ஒரு காரியம் இருந்துதுங்க. ஒறம்பறையான்னா, சொந்தபந்தமெல்லாம் இல்லை. அதெப்படிச் சொல்றது... செரி, இந்த பஸ்ஸு கோயமுத்தூர் போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆகும். சொல்றேன். உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

நீங்க டீச்சர்தானுங்களே? ஏறும்போதே கண்டுபுடிச்சுட்டேன். அந்தக் கண்ணாடியும், பையில கொடையும். இல்லீங்களா? ஜவுளிக்கடையா? அட, செரி விடுங்க. நேர்ல பாத்தாத்தான் எனக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருது. செல்லுக்குள்ள இருக்கற ஆளுன்னா தப்பே பண்ண மாட்டேன். என்ற வேலையே அதுதானுங்க. இருந்துது, இப்ப இல்லை.

போலிக் கணக்குப் புடிக்கற வேலைங்க. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி, பேரெல்லாம் வேண்டாம். செல்லுல போட்டோ போட்டுப் பேசிக்கற ஆப்பு இருக்குதுல்ல, அதுல எது நெசமான ஆளு, எது சும்மான்னு பாத்துச் சொல்லோணும். எல்லா ஆப்பும் வரும். அந்த மாதிரி ஆப்பும் வரும். அந்த மாதிரின்னா... துணி கம்மியா இருக்கற படம் போடறதுங்க. ஊட்டுல டேட்டா என்ட்ரின்னுதான் சொல்லியிருந்தேன். மாமியாருகிட்டப் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா? எங்கூட்டுக்காரரு குவைத்துல இருக்கறாரு, அவருகிட்டயும் சொல்லலை. அவரு எதுவும் கேக்க மாட்டாரு. தெனமும் 'ஓகே', 'சரி', 'அப்புறம்'னு போடுவாரு, அவருக்குப் பேச்சு கம்மி.

உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். ஒரு பொண்ணு போட்டோ இருக்கும், ஒரு பேரு இருக்கும், 'ஹலோ டியர்'னு வரும். ஆயிரம் பேருக்கு அதே ஹலோ டியர் போகும். பின்னாடி பொண்ணும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருப்பானுங்க, அது பாட்டுக்குப் பதில் போட்டுட்டே இருக்கும். நாங்க அதை மிஷினும்போம். நூறு இருநூறு கணக்குக்கு எங்கியோ ஒரு ரூம்புல ஒரு ஆளு உக்காந்து எப்பவாச்சும் எட்டிப் பாக்கும். அவ்வளவுதான்.

கண்டுபுடிக்கறது எப்படின்னா, மனுசன் ஒரே மாதிரி இருக்க மாட்டானுங்கக்கா. ஒரு நாளைக்கு வளவளன்னு பேசுவான், மறுநாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். எழுத்தை மாத்திப் போடுவான். சோறு திங்கப் போயிட்டு முக்கா மணி நேரம் கழிச்சு வந்து 'ம்'பான். மிஷினுக்கு அந்த வேலையே இல்லை. எப்பக் கேட்டாலும் அதே பதிலு. திட்டுனாலும் கோவிச்சுக்காது. நேத்துப் பேசுனது இன்னிக்கு ஞாபகம் இருக்காது. போட்டோவெல்லாம் பழசா இருக்கும், எவ பெத்த புள்ளையோ எங்கியோ ஆசையாப் போட்டு வெச்சதைத் திருடி ஒட்டியிருப்பானுங்க. இப்படி ஒவ்வொண்ணாப் பாத்துட்டே வந்து, செரி இது மிஷினுன்னு தோணுச்சுன்னா ஒரு பட்டனை அமுக்கோணும். கணக்கு அழிஞ்சுரும். ஷிஃப்டுக்கு நானூறு பாக்கச் சொல்லுவாங்க. நான் ஐந்நூறு பாப்பேனுங்க. புதுசா வர்ற புள்ளைகளை என்ற பக்கத்துலதான் உக்கார வெப்பாங்க. "கோகிலாக்கா கண்ணு சிசிடிவி"ம்பாங்க.

பொங்கல் முடிஞ்சு ஒரு திங்கக்கெழமை. ஒரு கணக்கு வந்துது. பேரு 'எஸ்'ஸுன்னு ஒரே எழுத்து. போட்டோ ஒரு முருகன் படம். அந்த மாதிரி ஆப்புல முருகன் படம் போட்டு எவன் இருப்பான்? சரி, என்ன பேசுதுன்னு பாத்தா, ஒரே ஒரு பொண்ணு கணக்குக்குத்தான் பேசியிருக்குது. வேற யாருக்கும் ஒரு வார்த்தை இல்லை. தெனமும் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு 'சாப்டியா கண்ணு?' அந்தப் பக்கத்துல இருந்து உடனே 'சாப்டேன் டியர். நீ?' இது 'ஆச்சு'ங்கும். அவ்வளவுதாங்க. மறுநாள் ஒண்ணு பத்துக்கு மறுபடியும் சாப்டியா கண்ணு. சாப்டேன் டியர் நீ. ஆச்சு. இப்படிப் பதினாலு மாசம்! நான் கீழ இருந்து மேல தள்ளித் தள்ளி விரலே வலிச்சுப் போச்சு. ஒரு நாள் மாறலை. ஒரு எழுத்து மாறலை. ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு.

அந்தப் பொண்ணு கணக்கு மிஷினுன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. இதுவும் மிஷினு. ரெண்டு மிஷினு ஒண்ணையொண்ணு சாப்டியா சாப்டியான்னு கேட்டுட்டு இருக்குது! எனக்குச் சிரிப்புத் தாங்கலை. டீம் லீடர் ஹரீஷைக் கூப்புட்டுக் காட்டுனேன். அவன் அடுத்த ரூம்புல இருக்கறவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்துட்டான். "அக்கா, இதுக ரெண்டும் குடும்பம் நடத்துதுக்கா, பத்து பொருத்தமும் இருக்குது"ன்னு ஒரே ரவுசு. அன்னைக்கு டீ குடிக்கும்போதெல்லாம் "சாப்டியா கண்ணு", "சாப்டேன் டியர்"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அப்புறம் போய் முருகன் கணக்கை அமுக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு கணக்கை உடனே எடுக்க முடியாதுங்க. அதுகிட்டப் பேசறவனுக நெறையப் பேரு இருந்தா மூணு நாள் வெச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கோணும், அது ரூல். வியாழக்கெழமை அதையும் எடுத்துட்டேன். ரூல்படிதானுங்க எல்லாம் பண்ணுனேன். யாரு வந்து கேட்டாலும் என்மேல ஒரு தப்புச் சொல்ல முடியாது.

ஒரு ரெண்டு வாரம் போயிருக்கும். முறையீடுன்னு ஒரு வரிசை வரும். என்ற கணக்கை எதுக்கு அழிச்சீங்கன்னு கேட்டு வர்றது. மிஷினு இல்லை, ஆளுதான்னு நிரூபிக்கோணும்னா, நாங்க ஒரு நம்பர் அனுப்புவோம், அதை ஒரு பேப்பர்ல எழுதி கையில புடிச்சுட்டு மூஞ்சி தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்போணும். அப்படி ஒரு போட்டோ வந்துது. ஊதாச் சட்டை போட்ட ஒரு பெரிய மனுசன். அறுவது இருக்கும். மில்லு கேட்டுல நிக்கறாரு, தலை மேலயெல்லாம் பஞ்சு. காலண்டர்ல கிழிச்ச தாளு, அதோட பின்பக்கத்துல நம்பரை எழுதியிருக்கறாரு. நம்பர் மட்டும் எழுதுனாப் போதும். இவரு அதுக்குக் கீழ, பெருசு பெருசா, 'நான் மனுசன்தானுங்க'ன்னு எழுதியிருந்தாரு.

எந்தக் கணக்குன்னு பாத்தா, முருகன்.

எனக்குத் திக்குனு ஆயிப்போச்சு. ஆனா ஒண்ணுங்கக்கா, அப்பவும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, ச்சீ, இந்த வயசுல இந்தக் கெழவனுக்கு இது தேவையான்னுதான். கணக்கைத் தெறந்து உட்டேன். மறுநாளே மறுபடியும் எழுதிட்டாரு. 'கணக்கு வந்துருச்சுங்க, ரொம்ப நன்றி. ஆனா புள்ளையக் காணமுங்க. அது என்ற மகளுங்க. பேரு பிரவீணா. மூணு வருசமாத் தேடறோம். அதையும் தெறந்து உடுங்க சாமி.' கீழ போன் நம்பர்.

நாங்க யாருக்கும் போன் பண்ணக் கூடாதுங்க. சேர்ற அன்னைக்கே கையெழுத்து வாங்கிருவாங்க. நான் அந்த நம்பரைக் கையில எழுதிட்டு வெளிய வந்து, பஸ் ஸ்டாப்புல நின்னு என்ற செல்லுலயே கூப்புட்டேன். சென்னியப்பன்னு பேரு. கவுந்தப்பாடிப் பக்கம் ஊரு, ஒரு நூல் மில்லுல வேலை. மில்லுக்குள்ள செல்லு கொண்டு போகக் கூடாதாம், வாங்கிப் பொட்டியில போட்டுருவாங்களாம். மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு ஊதுனாத்தான் குடுப்பாங்க. இவரு போசியத் தெறந்து சாப்புட்டு, கையக் கழுவிட்டு, பத்து நிமிசத்துல செல்லை எடுப்பாரு. ஒண்ணு பத்து. ஞாயித்துக்கெழமை மில்லு லீவு, ஊட்டுல சம்சாரம் இருக்கும், அதனால எடுக்க மாட்டாரு. பாத்தீங்களா? எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருந்திருக்குது. எனக்கென்ன தெரியும்?

பொண்ணு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலைக்குப் போயிட்டிருந்த புள்ளைங்க. ஆஸ்டல்ல இருந்துது. ஒரு நாள் லீவுக்கு வர்றேன்னு போன்ல சொல்லியிருக்குது, வரலை. போலீஸு, கோயிலு, குறி கேக்கறது, எல்லாம் பண்ணியாச்சு. ஒண்ணும் கெடைக்கலை. ஒன்றரை வருசம் கழிச்சு மில்லுல எவனோ ஒரு எடுபட்ட பய செல்லைக் கொண்டாந்து, "ஏனுங்கண்ணா, இது உங்க புள்ள மாதிரியே இருக்குதே"ன்னு இந்தப் படத்தைக் காட்டியிருக்கறான். அந்த மாதிரிப் படமுங்க. மூஞ்சி அந்தப் புள்ளைதுதான்.

ஊருக்குள்ள பரவிருச்சு. அவரு சம்சாரம் ருக்குமணியம்மா அன்னைக்கே பொண்ணோட துணிமணி, போட்டோ, செர்டிபிகேட்டு வரைக்கும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில போட்டுக் கொளுத்திட்டாங்களாம். "எனக்கு மக பொறக்கவே இல்லை. இனி இந்த ஊட்டுல அவ பேரை எடுத்தீங்கன்னா நான் கெணத்துல குதிச்சுருவேன்"னு சொல்லிட்டாங்களாம். ஆனா இந்த மனுசனுக்கு என்ன தோணியிருக்குது பாருங்க. "அம்மணி, உசுரோட இருக்கறாளே, அது போதுமுன்னு இருந்துது"ங்கறாரு. பக்கத்து மில்லுக்காரப் பையனைப் புடிச்சு அந்த ஆப்பைத் தன்ற செல்லுல போட்டுக் குடுக்கச் சொல்லி, 'சாப்டியா கண்ணு'ன்னு கேட்டிருக்கறாரு. 'சாப்டேன்'னு பதில் வந்துருச்சு. அன்னைக்கு மில்லுல எல்லாத்துக்கும் முறுக்கு வாங்கிக் குடுத்தேன் அம்மணிங்கறாரு. பேரைச் சொல்லலை, அப்பாங்கறதைச் சொல்லலை. சொன்னா வெக்கப்பட்டுட்டு ஓடிருவாளோன்னு பயம். அதனால எதுவும் பேசாம அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுட்டே இருந்திருக்கறாரு.

அவரு செல்லை நான் பாத்தேனுங்க. மேல்பாதியில காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரியை ஒட்டி வெச்சிருந்தாரு. படம் வர்ற எடத்துல. கீழ எழுத்து மட்டும் தெரியும்.

ஆமாங்க, நேர்ல போயிட்டேன். போன்ல சொன்னா அவருக்குப் புரியலை. "ஐயா, அது உங்க பொண்ணு இல்லீங்க, மிஷினு"ன்னேன். "அதெப்படி அம்மணி, பதில் சொல்லுதே"ங்கறாரு. எத்தனை சொல்லியும் கேக்கலை. ஒரு மனுசன் கண்ணு முன்னால ஏமாந்துட்டு நிக்கறதைப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது? எனக்கு அப்படி ஒரு கொணமுங்க, பொய்யைக் கண்டா கை சும்மா இருக்காது. மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை பஸ் புடிச்சுப் போயிட்டேன்.

ருக்குமணியம்மா வாசல்லயே நின்னுட்டு யாருன்னு கேட்டாங்க. விசயத்தைச் சொன்னதும் மூஞ்சி இறுகிப்போச்சு. "அந்தப் பேச்சை எடுத்துட்டு எதுக்குங்க வந்தீங்க? போயிருங்க"ன்னாங்க. "அம்மா, நான் உங்க மானத்தைக் காப்பாத்த வந்திருக்கறேன், அஞ்சு நிமிசம் குடுங்க"ன்னு சொல்லி உள்ள போயி உக்காந்தேன். அவரு செவுத்தோரமா நின்னாரு. நான் என்ற செல்லை எடுத்து, அதே போலிக் கூட்டத்தோட இன்னொரு கணக்கைத் தெறந்தேன். அது வேற ஒரு பொண்ணு போட்டோ. 'சாப்டியா கண்ணு'ன்னு போட்டேன். டக்குனு 'சாப்டேன் டியர். நீ?'ன்னு வந்துது. இன்னொண்ணைத் தெறந்தேன். அதுலயும் 'சாப்டேன் டியர். நீ?' மூணாவதுலயும் அதேதான். "நீங்களே போட்டுப் பாருங்கய்யா"ன்னு செல்லை அவரு கையில குடுத்தேன். அவரு போட மாட்டேங்கறாரு. நானே வாங்கி, 'எங்கப்பா செத்துட்டாரு'ன்னு போட்டேன். 'ஓ சூப்பர் டியர்'னு வந்துது. "பாத்தீங்களா? மனுசி இப்படிச் சொல்லுவாளா?"ன்னேன். அவரு செல்லுல பழைய பேச்சுல இருந்த பிரவீணா போட்டோவையும் காட்டுனேன். எல்லாம் காலேஜுல படிக்கும்போது அந்தப் புள்ளை போட்ட படத்துல இருந்து மூஞ்சியை மட்டும் எடுத்து ஒட்டுனது. காணாமப் போனதுக்கு அப்புறம் எடுத்த படம் ஒண்ணு கூட இல்லை. "பாருங்க, ஒண்ணு இருந்தாக் காட்டுங்க"ன்னேன்.

அவரு செல்லைத் திருப்பி என்ற கையில குடுத்தாரு. அப்புறம் கேட்டாரு, "அப்ப பதினாலு மாசம் நான் யாருகூட அம்மணி பேசிட்டு இருந்தேன்?"

"யாருகூடயும் இல்லீங்கய்யா"ன்னேன்.

ருக்குமணியம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. சிரிக்கறாங்களா அழுவறாங்களான்னு எனக்குத் தெரியலை. "எஞ்சாமி, நீ அப்படிப் போகலையா சாமி? பாவி நான், உன்ற துணியக் கூட வெக்காமக் கொளுத்திட்டனே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டாங்க. என்ற கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ஒன்றரை வருசமா ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கலையாம். ஓடிப்போயி பக்கத்து ஊட்டுக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து, "இந்தம்மணி கோயமுத்தூர்ல பெரிய ஆபீசரு, அது எம்புள்ள இல்லைன்னு ருசுவோட சொல்றாங்க, கேட்டுக்கங்க"ன்னாங்க. நானும் எல்லாத்துக்கும் மறுபடியும் ஒரு தடவை போட்டுக் காட்டுனேன். அப்புறம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யூத்தி, என்னைய உடவே இல்லை. அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்புட்டு வருசக்கணக்காச்சு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்கக்கா. எத்தனை ஆயிரம் கணக்கை அமுக்கியிருப்பேன், ஒருத்தராச்சும் சோறு போட்டிருப்பாங்களா?

அவரு மட்டும் சாப்புடலை. அப்புறம் சாப்புடறேன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

அதுக்கப்புறம் என்ற வேலையும் போயிருச்சு. யாரு சொல்லிக் குடுத்தாங்கறீங்க? அவரேதான். கம்பெனிக்கு எழுதியிருக்கறாரு. 'கோகிலா அம்மணி நேர்ல வந்து எல்லாம் வெளக்கமாச் சொன்னாங்க, ரொம்ப நன்றி'ன்னு. நல்ல மனசோடதான் எழுதியிருக்கறாரு. ஹரீஷ் என்ற மூஞ்சியவே பாக்காம, "அக்கா, நாளையில இருந்து வர வேண்டாம்"னுட்டான். அதுக்காக நான் வருத்தப்படலைங்க. நல்லது பண்ணித்தானே போச்சு. எங்கூட்டுக்காரருக்கு வேலை போனதைச் சொன்னேன், 'ஓகே'ன்னு போட்டாரு. பெருந்தன்மைங்க அவருக்கு, ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை.

ருக்குமணியம்மா வாரா வாரம் போன் பண்ணுவாங்க. மாசத்துக்கு ஒருக்கா நானும் போவேன். போகப் போக அவங்க பேச்சு மாறிட்டே வந்துது. உசுரோட இருந்திருந்தா ஒரு போனாவது பண்ணியிருப்பாள்ல? மூணு வருசம், ஒரு தகவல் இல்லைன்னா என்ன அர்த்தம்? எங்கியோ அநாதையாப் போய்ச் சேந்துட்டா எம்புள்ள, ஒரு வாய்த் தண்ணி கூட உடாமச் சுத்திட்டு இருக்கறா. இதே பேச்சு. ஜோசியரும் அப்படித்தான் சொன்னாராம். ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில காரியம் பண்ணிரலாமுன்னு முடிவு பண்ணிட்டாங்க. "அம்மணி, நீயும் வந்துரு, எம்புள்ளைய மீட்டுக் குடுத்தவ நீ"ன்னாங்க. செத்தவளாக் கெடைச்சாலும் நல்லவளாக் கெடைச்சாளேன்னு அந்தம்மாவுக்கு ஒரு நிம்மதி. எனக்கு அது புரியுதுங்க.

அவருகிட்டக் கேட்டீங்களாம்மான்னு கேட்டேன். "அவரென்ன சொல்லுவாரு, நீ சொன்னதுக்கப்புறம்"ன்னாங்க.

பெருந்துறை தாண்டியாச்சுங்களா? தண்ணி வெச்சிருக்கறீங்களா, ஒரு மடக்குக் குடுங்க. தொண்டை காஞ்சு போச்சு.

ஒண்ணு மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லலைங்கக்கா. உங்களை நான் இனிமே பாக்கப் போறதில்லை, அதனால சொல்றேன்.

திங்கக்கெழமை அவரு கணக்கை எடுத்தேன்னு சொன்னேன்ல. அந்தப் பொண்ணு கணக்கை வியாழக்கெழமைதானே எடுத்தேன். எடுக்கறதுக்கு மின்னால ஒரு தடவை பாத்துத்தான் அமுக்கோணும். தெறந்து பாத்தேன். முருகன் கணக்கோட பேச்சுல, கடைசியில, செவப்புல ரெண்டு வரி இருந்துது. செவப்புன்னா போய்ச் சேரலைன்னு அர்த்தம். அந்தப் பக்கத்துக் கணக்கைத்தான் நான் அழிச்சுட்டேனே, எப்படிப் போய்ச் சேரும்? புதன்கெழமை மத்தியானம், ரெண்டு மணி வாக்குல போட்டது. 'ரெண்டு நாளாக் காணமே, மேலுக்குச் சொகமில்லீங்களா?' இது ஒரு வரி. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு வரி. 'அம்மா நல்லாருக்காங்களா?'

டியர் இல்லீங்க. எப்பவும் வர்ற டியர் இல்லை. இவரா எதுவும் கேக்கலை, அதுவா வந்து கேட்டிருக்குது. இவரு பதினாலு மாசத்துல அம்மாங்கற வார்த்தையவே போட்டதில்லை. தெனமும் சாப்டியா கண்ணுன்னு கேக்கறது யாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருந்துது. மொதல் நாள்ல இருந்தே தெரிஞ்சிருந்துதோ, என்னமோ. அந்த எட்டிப் பாக்கற ரூம்புல உக்காந்திருந்தது யாரோ, அதை அங்க யாரு உக்கார வெச்சிருந்தாங்களோ.

நான் பாத்தேன். படிச்சேன். சாப்பாட்டு நேரம், வரிசையில இன்னும் அறுவது கெடந்துது. கை முந்திருச்சு. அமுக்கிட்டேன்.

அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல, அவரு அப்பான்னு? தெரியாதுங்க. ஆனா அவரு போன்ல மகளுன்னு சொன்னப்போ தெரிஞ்சுது. அப்பவே எனக்கு அந்த ரெண்டு வரியும் கண்ணு முன்னால வந்து நின்னுது. அழிச்ச கணக்கோட தடம் கம்பெனியில முப்பது நாளைக்கு இருக்கும். எந்த ஊர்ல இருந்து, எந்த எடத்துல இருந்து பேசுனதுன்னு போலீஸ்ல சொல்லிக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்க. நான் அவங்க ஊட்டுக்குப் போனப்போ அதுல இன்னும் பத்து நாள் பாக்கியிருந்துது. போனேன். உக்காந்தேன். எல்லாம் மிஷினுன்னு ஒண்ணொண்ணா நிரூபிச்சேன். சோறும் தின்னுட்டு வந்தேன்.

எதுக்குச் சொல்லலைன்னு கேக்கறீங்க. சொன்னா, பாத்துட்டுத்தானே அழிச்சேன்னு ஆயிருமேங்க. கோகிலா தப்புப் பண்ணிட்டாள்னு ஆயிரும். பதினோரு வருசத்துல ஒரு தப்புப் பண்ணுனதில்லைங்க நான். அதுவும் மிஷினா இருந்திருக்கலாம். இப்பெல்லாம் மிஷினு குடும்பத்தை விசாரிக்குது, காய்ச்சலான்னு கேக்குது. இருக்கலாம்ல? நீங்க சொல்லுங்க, இருக்கலாம்ல? இப்ப அந்த முப்பது நாளும் போச்சு, வேலையும் போச்சு. இனிமே போய்ச் சொன்னா அந்தம்மாவுக்கு மறுபடியும் மானம் போகும். அவருக்கு எங்க தேடறதுன்னு வழியே இருக்காது. அதுக்குச் சொல்லாம இருக்கறதே மேலுன்னு நானா ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். நேத்து வரைக்கும் அது செரியாத்தான் இருந்துது.

இன்னிக்குக் காத்தால பத்து மணி இருக்கும். ஐயரு எல்லாம் சொல்லி முடிச்சு, எள்ளும் சோறும் புடிச்சு வெச்ச பிண்டத்தை அவரு கையில குடுத்து, தண்ணியில எறங்கிக் கரைச்சுருங்கன்னாரு. ருக்குமணியம்மா படியில உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. "அம்மணி, அவருக்குக் கால் நிக்காது, நீ சித்த கூடப் போ"ன்னாங்க. நானும் சேலையத் தூக்கிச் சொருகிட்டு எறங்குனேன். இடுப்பளவு தண்ணி. ஆடிப் பெருக்குத் தண்ணி, இழுப்பு ஜாஸ்தி. அவரு ரெண்டு கையிலயும் ஏந்திட்டு நிக்கறாரு, விட மாட்டேங்கறாரு. பின்னால நிக்கறவங்க சீக்கிரம் ஆகட்டுமுங்கறாங்க. என்ற பக்கம் திரும்புனாரு. அந்த வீட்டுல அன்னைக்குப் பேசுனதுக்கப்புறம் அவரா என்கிட்ட ஒரு வார்த்தை பேசுனது இன்னிக்குத்தான்.

"அம்மணி, உனக்குத் தெரியாததா. பதினாலு மாசத்துல ஒரே ஒரு நாளு... ஒரே ஒரு நாளு கூடவா அது எம்புள்ளையா இருந்திருக்காது?"

சொல்லியிருக்கலாமுங்கக்கா. வாய் வரைக்கும் வந்துருச்சு. படியில அந்தம்மா பாத்துட்டு இருக்கறாங்க. சுத்தி அத்தனை சனம். நான், "இல்லீங்கய்யா, ஒரு நாளும் இல்லை"ன்னுட்டேன்.

அவரு தலையாட்டுனாரு. "செரி அம்மணி. நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்"ன்னு சொல்லிட்டு, ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள உட்டு மெதுவாத் தெறந்தாருங்க.